யாரும் பார்க்காத குடி: ஒரு நிகழ்வு ஆய்வு

குடிநோய் சிகிச்சையில ஆலோசகரா இருக்குற எனக்கு, சண்டை போட்டு கீழ விழுந்து குடும்பமே சேர்ந்து தூக்கிட்டு வர்ற ஆளுங்களைப் பத்தி அவ்வளவு பயம் இல்ல, ஏன்னா அவங்க பிரச்சனை ஊருக்கே தெரியும், என்னைக்காவது ஒரு நாள் யாராவது கூட்டிட்டு வந்துடுவாங்க. வேற ஏதோ தொந்தரவுக்கு டாக்டர்கிட்ட தனியா வந்து, கேட்டா மட்டும் மெதுவா ஒரு வார்த்தை சொல்றவங்க இருக்காங்க பாருங்க, அவங்களை நினைச்சாதான் கவலையா இருக்கு. இங்க நான் எழுதுறது அந்த மாதிரி ஒரு கேஸ். ஒரே ஆளோட கதையா எழுதினா அடையாளம் தெரிஞ்சுடும்ங்கிறதால, கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்த பல பேரோட விவரத்தை சேர்த்து ஒரு ஆளா எழுதியிருக்கேன், வயசு வேலை குடும்பம் எல்லாம் மாத்தியிருக்கேன். அறிகுறிகள்ல மட்டும் கைவைக்கல.

வந்தவங்க 46 வயசு பெண். வீட்டுலேருந்தே கணக்கு வேலை பார்க்குறாங்க, கணவருக்கு வெளியூர்ல வேலை, மாசத்துல ரெண்டு தடவை வருவாரு, பையன் படிக்கப் போயிட்டான். டாக்டர்கிட்ட அவங்க சொன்ன பிரச்சனை தூக்கம். படுத்ததும் தூங்கிடுறேன், ஆனா விடியக்காலை மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது, உடம்பெல்லாம் வேர்க்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, காலையில எழுந்தா கை லேசா நடுங்குது, காரணமே இல்லாம பயமா இருக்கு. மாதவிடாய் நிக்கிற வயசுதானே, அதனாலதான் இருக்கும்னு அவங்களே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க, தோழிகளும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுங்கன்னு கேட்டு வந்திருந்தாங்க.

அந்த வயசுல வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை மூணும் மாதவிடாய் நிக்கிறதோட அறிகுறியா வர்றது நிஜம்தான், தைராய்டு கூடினாலும் அப்படித்தான் வரும், பதட்ட நோய்லயும் வரும். அதனால டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தாரு. தைராய்டு நார்மல். பிரஷர் 150க்கு 96, இதுக்கு முன்னாடி அவங்களுக்கு பிரஷரே கிடையாது. ரத்த சிவப்பணுவோட சராசரி அளவு 102, நார்மலா 100க்குள்ள இருக்கணும். லிவர் என்சைம்கள்ல ஜிஜிடி 148, ஏஎஸ்டி, ஏஎல்டியைவிட ரெண்டு மடங்குக்கு மேல. இதுல ஏதாவது ஒண்ணு தனியா கூடியிருந்தா நூறு காரணம் சொல்லலாம், ஆனா சிவப்பணு பெருத்து, ஜிஜிடி ஏறி, ஏஎஸ்டி ஏஎல்டியைத் தாண்டிப் போயி, புதுசா பிரஷரும் வந்து எல்லாம் ஒண்ணா நின்னா, பார்க்குற டாக்டருக்கு முதல்ல மது ஞாபகம் வரணும். அவருக்கு வந்துச்சு. தூக்க மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி குடிப்பீங்களான்னு கேட்டாரு. அந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய விஷயம், ஏன்னா மதுவும் தூக்க மாத்திரையும் ஒரே ராத்திரி சேர்ந்தா மூச்சு விடுற வேகமே குறைஞ்சு போகலாம், வீட்டுல தனியா இருக்குற ஆளுக்கு அது நடந்தா எழுப்புறதுக்குக்கூட யாரும் இருக்க மாட்டாங்க.

"ராத்திரி ரெண்டு பெக், அவ்வளவுதான்"னு சொன்னாங்க. அதோட எங்ககிட்ட அனுப்பினாங்க.

முதல் சந்திப்புல நான் எவ்வளவு குடிப்பீங்கன்னு திரும்பக் கேட்கல. அந்தக் கேள்விக்கு வர்ற பதில் பெரும்பாலும் அவங்களே தனக்குச் சொல்லிக்கிற பதில்தான், பொய்யின்னு சொல்ல மாட்டேன், அளந்து பார்க்காத ஆளுக்கு அதுதான் உண்மையா தெரியும். எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாங்குவீங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, வாரத்துக்கு ரெண்டு பாட்டில்னு சொன்னாங்க, 750 மில்லி பாட்டில், வோட்கா. வேற யாரும் அதுல குடிக்கிறது இல்ல. வீட்டுல ஊத்துற கிளாஸ் மாதிரி ஒண்ணுல தண்ணி ஊத்திக் காட்டச் சொன்னேன், ஊத்தினதை அளந்தா கிட்டத்தட்ட 100 மில்லி. அவங்களோட ரெண்டு பெக்ங்கிறது 200 மில்லி. 40 சதவீத மதுன்னா அதுல சுத்த ஆல்கஹால் 80 மில்லி, எடையில 63 கிராம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் 10 கிராம், அப்ப தினமும் ஆறுக்கு மேல. அதே நிறுவனத்தோட ஆபத்து அளவுகோல்ல பெண்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமைத் தாண்டினா கடைசிப் படி, மிக அதிக ஆபத்து. ஆண்களுக்கு அந்தப் படி 100 கிராமுக்கு மேல. பெண்களோட உடம்புல தண்ணியோட பங்கு குறைவுங்கிறதால அதே அளவு குடிச்சாலும் ரத்தத்துல கூடுதலா ஏறும், லிவர் சீக்கிரமா அடிபடும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சதும் அவங்க ரொம்ப நேரம் அந்தக் கிளாஸையே பார்த்துட்டு, "நான் என்னைக்குமே தள்ளாடினதே இல்லையே மேடம்"னு சொன்னாங்க. தள்ளாடாததுதான் எனக்குக் கவலையே. 63 கிராம் உள்ள போயும் நிதானமா பாத்திரம் கழுவி வெச்சுட்டு படுக்கப் போக முடியுதுன்னா மூளை அந்த அளவுக்குப் பழகிப் போச்சுன்னு அர்த்தம். ஆரம்பத்துல அரை கிளாஸ்லயே தூக்கம் வந்துடும்னு அவங்களே சொன்னாங்க.

இனி அவங்க பேசப் பேச வந்த விஷயங்கள், வந்த வரிசையிலேயே சொல்றேன்.

அவங்களுக்கு ஒரு விதி இருந்துச்சு. எட்டு மணிக்கு முன்னாடி தொடவே மாட்டேன். அது எப்ப ஏழரை ஆச்சு, எப்ப ஏழு ஆச்சுன்னு அவங்களுக்கே சரியா தெரியல, சில நாள் வேலை சீக்கிரம் முடிஞ்சா ஆறரை. வார நாள்ல கிடையாதுன்னு முன்னாடி ஒரு விதி இருந்திருக்கு, அதுக்கும் முன்னாடி வீட்டுல பாட்டில் வெச்சுக்க மாட்டேன்னு ஒண்ணு. குடி ஒரு தொல்லையே இல்லாதவங்க இதுக்கு விதியே போட மாட்டாங்கங்கிறது என்னோட அனுபவம், விதி போட்டு அதை நகர்த்தி திரும்ப விதி போடுறாங்கன்னா மனசோட ஒரு பகுதிக்கு விஷயம் எப்பவோ தெரிஞ்சிருக்கு.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் எடுக்குறதை நிறுத்திட்டாங்க. பேச்சு குழறும்ங்கிற பயம் கூட ரெண்டாவதுதான், முதல் காரணம் பேசினது மறுநாள் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. தங்கச்சி ஒரு நாள் "அக்கா, நேத்து இதையேதான சொன்ன?"ன்னு சாதாரணமா கேட்டுட்டா, இவங்களுக்கு நேத்து பேசினதே தெரியாது. அதுக்கப்புறம் தினமும் காலையில எழுந்ததும் முதல் வேலையா போன்ல யாருக்குப் பேசியிருக்கோம், என்ன மெசேஜ் அனுப்பியிருக்கோம்னு பார்க்குறது பழக்கமாயிடுச்சு. ரத்தத்துல மது வேகமா ஏறும்போது மூளையில புது நினைவைப் பதிஞ்சு வைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதி வேலை செய்யாம போயிடும், ஆள் பேசுவாங்க நடப்பாங்க, கதவைப் பூட்டுவாங்க, ஆனா எதுவும் பதிவாகாது. மயக்கம் வேற இது வேற. கூட யாராவது இருந்தா மறுநாள் சொல்லிக் காட்டுவாங்க, தனியா இருந்தா போன் மட்டும்தான் சொல்லும்.

தொடையில, முழங்கால் பக்கத்துல நீலம் பாரிச்ச காயங்கள், எங்க இடிச்சதுன்னு தெரியாது. காலி பாட்டிலை வீட்டுக் குப்பையில போடாம பையில சுத்தி வெளிய வேற வேற இடத்துல போட்டிருக்காங்க. எந்த வாரமும் ஒரே கடையில ரெண்டு தடவை வாங்க மாட்டாங்க. வீட்டுக்கு யாராவது ராத்திரி தங்க வர்றேன்னு சொன்னா எரிச்சல், ஏதாவது சாக்கு. சாயந்திரம் கூட்டமா நடக்கப் போற பழக்கம் இருந்துச்சு, அது நின்னு போச்சு, தோழிகளோட சேர்ந்து பாட்டு கத்துக்கிட்டு இருந்தாங்க, அது ஏழு மணி வகுப்பு, அதுவும் நின்னு போச்சு. ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டா வேலைன்னு சொன்னாங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு அவங்களே "ஏழு மணிங்கிறதாலதான்"னாங்க. விசேஷங்களுக்குப் போனா ஒரு சொட்டு தொட மாட்டாங்க, அதுல பெருமை கூட இருந்துச்சு, ஆனா எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம்னு மட்டும்தான் அங்க உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருப்பாங்களாம்.

ஒரு தடவை தானா நிறுத்திப் பார்த்திருக்காங்க. இதைத்தான் நான் ரொம்ப கவனமா கேட்டேன். முதல் நாள் நடுக்கம், வாந்தி வர்ற மாதிரி. ரெண்டாவது ராத்திரி வாசல்ல காலிங் பெல் அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, போய்ப் போய் பார்த்தா யாரும் இல்ல. பயந்து போயி ஒரு கிளாஸ் ஊத்திக் குடிச்சதும் கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுடுச்சு. அதுலேருந்து அவங்க எடுத்துக்கிட்ட முடிவு, எனக்கு மனசு சரியில்ல, குடிதான் என்னைக் காப்பாத்துது.

இந்த முடிவு எவ்வளவு இயல்பா வருதோ அவ்வளவு ஆபத்து. மது மூளையை அமைதிப்படுத்துற காபா இயக்கத்தைக் கூட்டுது, தூண்டிவிடுற குளூட்டமேட்டை அமுக்குது. தினமும் இது நடந்தா மூளை சமாளிக்கிறதுக்காக தூண்டுற பக்கத்தை ஏத்தி வெச்சுக்கும். மது இறங்க ஆரம்பிச்சதும் அந்த ஏத்தம் மட்டும் மிச்சம் நிக்கும், அதுதான் மூணு மணி முழிப்பு, வேர்வை, படபடப்பு, காலை நடுக்கம், காரணமில்லாத பயம் எல்லாம். லிவர் மணிக்கு சுமாரா ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் அளவுதான் கரைக்கும், பத்து மணிக்கு முடிக்கிறவங்களுக்கு விடியக்காலையில இறங்குமுகம் ஆரம்பிச்சுடும். மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவெச்சாலும் கனவு வர்ற தூக்கத்தை முதல் பாதியில அமுக்கிட்டு ரெண்டாவது பாதியைக் கலைச்சுடும். ஆக அவங்க எந்தத் தொந்தரவுக்கு மருந்துன்னு நினைச்சு தினமும் ஏழு மணிக்குக் குடிச்சாங்களோ அதை உண்டாக்கினதே முந்தின ராத்திரி குடிச்சதுதான்.

அப்புறம் முறையான கேள்வித்தாள். உலக சுகாதார நிறுவனம் தயாரிச்ச ஆடிட்ங்கிறதுல 10 கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்கணும், 20 இல்ல அதுக்கு மேல வந்தா சார்புநிலை, அதாவது குடி இல்லாம இருக்க முடியாத நிலை, இருக்கலாம். இவங்களுக்கு 23. இங்க ஒண்ணை நிறுத்தி நிதானமா சொல்லணும். அந்த 23ல பத்தாவது கேள்விக்கு மதிப்பெண் சுழியம். சொந்தக்காரங்களோ டாக்டரோ வேற யாராவதோ உங்க குடியைப் பத்தி கவலைப்பட்டாங்களா, குறைச்சுக்கச் சொன்னாங்களாங்கிறது அந்தக் கேள்வி. யாரும் சொல்லல, ஏன்னா யாருக்கும் தெரியாது. நாலே கேள்வி உள்ள கேஜ்னு இன்னொண்ணு பல வருஷமா புழக்கத்துல இருக்கு, அதுலயும் உங்க குடியை யாராவது குறை சொல்லி எரிச்சல் வந்திருக்கான்னு ஒரு கேள்வி உண்டு, அதுக்கும் இல்லன்னுதான் வந்துச்சு. தனியா குடிக்கிறவங்க எல்லாருக்கும் இந்த மாதிரி கேள்விகள்ல மதிப்பெண் குறைஞ்சுதான் வரும், அதுக்கு சாட்சி வேணும், சாட்சியை விலக்கி வைக்கத்தானே தனியா குடிக்கிறதே. வீட்டுல இதை வெச்சு தன்னைத் தானே பரிசோதிச்சுப் பார்க்குறவங்க, யாரும் எதுவும் சொன்னதில்லைங்கிறதை நல்ல செய்தியா எடுத்துக்க வேண்டாம்னு ரொம்பக் கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோய் கண்டறியுற கையேடான டிஎஸ்எம், 2013ல வந்த அதோட அஞ்சாம் பதிப்புல மது பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அளவுகோல் இருக்கு, 12 மாசத்துக்குள்ள ரெண்டு இருந்தாலே லேசான நிலை, ஆறு இல்ல அதுக்கு மேல இருந்தா தீவிரம். இவங்களுக்கு ஏழு இருந்துச்சு. நினைச்சதை விட அதிகம் குடிக்கிறது, குறைக்க முயற்சி பண்ணி முடியாம போறது, ஏங்குறது, பிடிச்ச விஷயங்களை விட்டுடுறது, உடம்பு கெடுதுன்னு தெரிஞ்சும் தொடர்றது, தாங்குற அளவு கூடுறது, விட்டா வர்ற தொந்தரவு. இல்லாம இருந்ததுல முக்கியமானது எதுன்னு பார்த்தா வேலை கெட்டுப் போறது, குடும்பத்துல சண்டை, வண்டி ஓட்டும்போது ஆபத்துல மாட்டுறது. பொதுவா குடிகாரர்னு நாம மனசுல வெச்சிருக்குற படத்துல இந்த மூணுதான் பெருசா இருக்கும். அது இல்லாததால அவங்களும் தன்னை அந்தப் படத்துல வெச்சுப் பார்க்கல.

தனியா குடிச்சாலே குடிநோய்னு நான் சொல்ல வரல. தனியா வாழுறவங்க தனியாத்தான் எல்லாமும் செய்வாங்க, எப்பவாவது ஒரு கிளாஸ் எடுத்து வெச்சு பாட்டு கேட்டுட்டு, மறுநாள் அதை மறந்து போறவங்களை எனக்குத் தெரியும். ஆனா 2022ல அமெரிக்காவுல வெளிவந்த ஒரு நீண்டகால ஆய்வுல, 18 வயசுலயும் இருபதுகளோட தொடக்கத்துலயும் தனியா குடிச்சவங்களுக்கு, மத்தவங்களோட மட்டும் குடிச்சவங்களை விட 35 வயசுல மதுக் கோளாறு அறிகுறிகள் இருக்குற வாய்ப்பு கூடுதலா இருந்துச்சு, எவ்வளவு குடிச்சாங்கங்கிறதைக் கணக்குல எடுத்த பிறகும். அதுக்குக் காரணமா ஆராய்ச்சியாளர்கள் சொல்றது, தனியா குடிக்கிறவங்க பெரும்பாலும் ஒரு வருத்தத்தையோ பயத்தையோ சமாளிக்கத்தான் குடிக்கிறாங்க. எனக்கும் அப்படித்தான் படுது. அதனால நான் தனியா குடிக்கிறீங்களான்னு கேட்டுட்டு நிறுத்திடுறது இல்ல, அது உங்களுக்கு என்ன வேலை பண்ணுதுன்னு கேட்பேன், இன்னைக்கு ராத்திரி அது கிடைக்காதுன்னு மதியமே தெரிஞ்சா அந்த மதியம் எப்படிப் போகும்னு கேட்பேன். இவங்க ரெண்டாவது கேள்விக்கு பதிலே சொல்லல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

சிகிச்சைன்னு வந்தப்ப, சரி நான் இன்னையோட விட்டுடுறேன்னு அவங்க எழுந்தாங்க. வேண்டாம்னு உட்கார வெச்சோம். தினமும் அதிகமா குடிச்சுட்டு திடீர்னு நிறுத்துறது உயிருக்கே ஆபத்தாகலாம், வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள வரும், குழப்பமும் காய்ச்சலும் உருவங்கள் தெரியுறதும் சேர்ந்த தீவிர நிலை பெரும்பாலும் ரெண்டாவது நாளுக்கு மேல நாலாவது நாளுக்குள்ள வரும். போன தடவையே இல்லாத சத்தம் கேட்டவங்க, ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இது முன்னைவிட மோசமாகவும் வாய்ப்பு உண்டு. அதனால ஆஸ்பத்திரியில சேர்த்து டாக்டர் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற டயசிபாம் மருந்தைக் குடுத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாரு, தயமின்ங்கிற வைட்டமின் பி1 ஊசி முதல் நாள்லேருந்தே, ஏன்னா தயமின் குறைபாட்டால மூளை பாதிச்சா நினைவு நிரந்தரமா போயிடலாம். ஆறாவது நாள் நடுக்கம் இல்ல, பிரஷர் மாத்திரை இல்லாமலே 130க்கு 84.

கணவரைக் கூப்பிட்டுப் பேசுறதுதான் கஷ்டமா இருந்துச்சு. அவருக்கு முதல்ல வந்தது கோபம், "என் கண் முன்னாடி ஒரு நாள் கூட நீ குடிச்சதில்லையே"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு, ஏமாத்தப்பட்ட மாதிரி உணர்ந்தாரு, அது நியாயம்தான். அப்புறம் சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமேன்னு என்னைத் தனியா கேட்டாரு. தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. அந்த மாத்திரையோட பேர் டைசல்பிராம், அது உள்ள இருக்கும்போது மது போனா முகம் சிவந்து வாந்தி வந்து பிரஷர் இறங்கி இதயம் வரைக்கும் பாதிக்கும், அந்த ஆளுக்குத் தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பார்வையில மட்டும்தான் அதைக் குடுக்கணும். இவங்களுக்கு டாக்டர் தேர்ந்தெடுத்தது நால்ட்ரெக்சோன், ஏக்கத்தைக் குறைக்கிற மருந்து, லிவர் என்சைம்களை அப்பப்ப பார்த்துக்கிட்டு.

எங்க வேலை ஏழு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும் உள்ள நேரத்தைப் பத்தி. பாட்டு வகுப்புக்குத் திரும்பப் போனாங்க. தங்கச்சிகிட்ட அவங்களே உண்மையைச் சொன்னாங்க, ஒன்பது மணிக்கு தங்கச்சி போன் பண்ணுவாங்க, எடுக்கலன்னா பக்கத்துல இருக்குற ஒரு தோழி போய்ப் பார்ப்பாங்கன்னு மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்க. தூக்கம் உடனே சரியாகல. இதை முன்னாடியே சொல்லி வெச்சது நல்லதாப் போச்சு, குடியை விட்டும் சில மாசம் தூக்கம் கலைஞ்சுதான் இருக்கும், விட்டும் தூங்க முடியலையேங்கிற வெறுப்புலதான் பல பேர் திரும்பக் குடிக்கிறாங்க. மனச்சோர்வுக்குத் தனி மருந்து வேணுமான்னு முதல் வாரத்துல முடிவு பண்ணல, குடியால வர்ற சோர்வு பெரும்பாலும் சில வாரத்துல தானா குறையும், நாலு வாரம் பார்த்தோம், குறைஞ்சுது. பையன் போன வீட்டோட வெறுமை குறையல, அது நோய் இல்ல, அதைப் பத்தி இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்.

நாலாவது மாசம் ஒரு தடவை குடிச்சுட்டாங்க. தங்கச்சி போனை எடுக்கல, தோழி போனப்ப கதவைத் திறந்து தானே சொன்னாங்க. மறுநாள் காலையில எங்ககிட்ட வந்தாங்க, நாங்க திட்டல, ஏன் அந்த நாள், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு மட்டும் பார்த்தோம். ரெண்டு வாரமா நால்ட்ரெக்சோனை நிறுத்தியிருந்தாங்க, இனி தேவையில்லன்னு நினைச்சு. திரும்ப ஆரம்பிச்சாங்க.

இப்ப எட்டாவது மாசம். ஜிஜிடி நார்மலுக்கு வந்துடுச்சு, சிவப்பணு அளவு 93, ஒரு சிவப்பணுவோட ஆயுள் 120 நாள்ங்கிறதால அது இறங்க அவ்வளவு மாசம் ஆகும்தான். மூணு மணி முழிப்பு வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் இன்னும் இருக்கு, வேர்வை இல்ல, படபடப்பு இல்ல. லிவர்ல இருந்த கொழுப்பு குறைஞ்சிருக்கான்னு அடுத்த மாசம் ஸ்கேன் எடுக்கணும், நால்ட்ரெக்சோனை எப்ப நிறுத்தலாம்னு அதுக்கப்புறம் டாக்டரோட உட்கார்ந்து பேசி முடிவு பண்றதா இருக்கோம், அந்தச் சந்திப்புக்கு கணவரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு.